கொட்டாஞ்சேனையில் ஒரு பிராக்டிக்கல் டெஸ்ட்

நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன்.

"நல்ல இன்ஜினியர்மார் எல்லாரும் வெளிநாடு போயிட்டினம்" என்று புலம்பிய மேனேஜர், பிராக்டிக்கல் டெஸ்ட் என்று சர்வர் அறைக்குக் கூட்டிச் சென்றார். கட்டடம் முழுக்க இன்டர்நெட் இல்லை. வியர்க்க வியர்க்க மூன்று மணித்தியாலம் நின்று சரிசெய்தேன்.

"நல்லாச் செய்தீங்கள் தம்பி. கோல் பண்ணுறம்."

திரும்பும்போது வெள்ளவத்தை பஸ்ஸில் கூடப் படித்த நிரோஷைக் கண்டு சொன்னேன்.

"அங்கயோ? போன மாசம் எனக்கு வைஃபையைத் தந்து டெஸ்ட் எண்டவங்கள். திருத்திக் குடுத்தனான். இன்னும் கோல் வரேல்லை."

வெளிநாடு போகாமல் பின்னே? ஓசியில் ரிப்பேர் பார்த்துக்கொண்டு இங்கேயே கிடப்பார்களா?

அங்கே சிசிடிவி கேமராவும் வேலை செய்யவில்லை. வரும்போது கவனித்தேன்.

அடுத்த இன்டர்வியூ உங்களில் யாருக்கு?