காற்று இறக்கிய வண்டி

என் அம்மாவின் தம்பி யாகப்பன் காரைக்காலில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தார். கோபம் வந்தால் பேச மாட்டார். எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவார். "நேத்து என்னோட சண்ட. பாரு, சைக்கிள் பூரா சாமானா கெடக்கு" என்பாள் சலோமி அத்தை.

எழுபத்தேழு புயலில் புளியமரம் விழுந்து நசுங்கிய ஒரு பழைய பிக்கப் வண்டி அவர் கைக்கு வந்தது. அதை மணலில் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருடையது அல்ல. கிளிஞ்சல்மேடு மீனவர் குப்பத்து வடிவாம்பாள் கிளப்பிவிட்டது. கரையில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் வைத்துக்கொண்டு, கொதிக்கும் மணலைக் கடந்து தார் ரோட்டுக்கு வரும் நாற்பது பெண்களில் அவள் ஒருத்தி. மீன் கொடுக்கப் பட்டறைக்கு வந்தவள் சீண்டினாள்.

"ரோட்டுல ஓட்ட ஆயிரம் பேரு இருக்கான் யாகப்பண்ணே. எங்க மணல்ல ஒண்ண ஓட்டிக் காட்டு, ஒனக்குக் கோயில் கட்டுறோம்."

"நான் வேதக்காரன். எனக்கெதுக்குக் கோயிலு?"

"அப்ப மாதா கோயிலாக் கட்டுறோம். மீன் நாத்தத்தத் தாங்கிக்கிட்டு நீயே பூச வய்யி."

மாமா மூன்று மாதம் உழைத்தார். இரண்டு ரிம்மை அறுத்து ஒன்றாகப் பற்றவைத்து அகலச் சக்கரம் செய்தார். டிராக்டர் டிரெய்லரின் பழைய டயரை அதில் ஏற்றினார். உடைந்த லாரியின் வில் பட்டைகளைச் சேர்த்து வண்டியை ஒரு முழம் உயர்த்தினார். தார் பீப்பாயைத் தட்டித் தகடாக்கி எஞ்சினுக்கு அடியில் கட்டினார். சைலன்ஸரைத் தண்ணீர்க் குழாய் வைத்து மேலே திருப்பினார்.

வண்டி முப்பதடி போய்ப் புதைந்தது. நான்கு முறை போனார், நான்கு முறையும் புதைந்தது. கட்டுமரத்தை இழுப்பதுபோல மீனவர்கள் பாட்டுப் பாடி அதை இழுத்து வந்தார்கள்.

அப்போது நான் படிப்பு முடித்து, பிரான்சுக்குப் போகும் காகிதங்களுக்காகக் காத்திருந்தேன். என் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அல்ஜீரியப் பாலைவனத்தில் இரண்டு வருடம் இருந்தவர். அவர் விட்டுப்போன ஓட்டுநர் கையேடு பெட்டியில் இருந்தது. அதை எடுத்துப்போய் மாமாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றிருந்தது.

"கொறைக்கிறதா? பாரம் ஏத்துனா காத்த ஏத்தணும்டா மாப்ள. எழுதுனவன் குடிச்சிருப்பான்."

"அப்பா அப்படித்தான் ஓட்டியிருக்கார், மாமா. ஓரத்துல பென்சிலால குறிச்சு வச்சிருக்கார்."

மறுநாள் குறைத்துப் பார்த்தார். டயர் சப்பையாகி மணலில் அகன்று உட்கார்ந்தது, புதையவில்லை. நேராகக் கரைவரைக்கும் போய்விட்டார். பெண்கள் போட்ட குலவையைக் கேட்டு, யாரோ கடலில் முழுகிவிட்டார்கள் என்று ஊருக்குள் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

அன்றே வடிவாம்பாள் மற்றப் பெண்களையும் எங்களையும் அம்மன் கோயில் வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"மணலு இருக்கிறவரைக்குந்தான் ஏலம் நம்ம கையில. டவுன் யாவாரி வண்டி கரைக்கு வந்துச்சுன்னு வய்யி, ஐஸோட வந்து மொத்தமா அள்ளிருவான். நாம கூடையக் கவுத்துப் போட்டு உக்காரணும். காத்த எறக்குற விஷயம் வெளிய போவக் கூடாது."

நாற்பது பேரும் சத்தியம் செய்தார்கள். மாமா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

ரோட்டை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் மாமா வண்டியை நிறுத்திக் காற்றை இறக்குவார். திரும்பும்போது அதே இடத்தில் காற்றடிக்க வேண்டும். பெண்கள் முறைவைத்துப் பம்பை மிதித்தார்கள். "மாமியா தலைன்னு நெனச்சு மிதிங்கடி" என்று வடிவாம்பாள் கத்துவாள். பிறகு கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சந்தைவரை வருவார்கள். இரண்டு வருடம் அப்படி ஓடியது. மாமா எதையும் கழற்றாமல் இருந்த இரண்டு வருடம் அதுதான் என்று அத்தை சொல்வாள்.

ஐஸ் வியாபாரி இளையபெருமாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே அகலச் சக்கரம், அதே உயரப் பட்டை, எல்லாம் வைத்து இரண்டு வண்டி செய்தார். காற்றை மட்டும் கல்லுபோல அடித்திருந்தார். இரண்டும் வயிறுவரை புதைந்தன. "அடுப்பு மூட்டுங்கடி, மேல பொங்கல் வச்சிரலாம்" என்று பெண்கள் கைதட்டினார்கள்.

என் பிறப்புச் சான்றில் ஒரு பிழை. அதைத் திருத்தும் கையெழுத்துக்காக எட்டு மாதம் ஒரு அலுவலகத்துக்கு நடந்தேன். அங்கே அந்த மேசையில் இருந்தவர் இளையபெருமாளின் மைத்துனர். ஒருநாள் அந்த வாசலிலேயே இளையபெருமாள் என்னை நிறுத்தினார்.

"தம்பி, பிரெஞ்சுப் பொஸ்தகம் ஒண்ணு நீங்கதான் படிச்சுச் சொன்னீங்களாமே? என் வண்டி ஏன் பொதையுதுன்னு அதுல போட்டிருக்கா?"

மிரட்டவில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வயது இருபத்தாறு. இந்த வருடமும் போகாவிட்டால் எப்போதுமே போகமாட்டேன் என்று பயந்தேன். "காற்றைப் பாதியாகக் குறைக்கணும்" என்றேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து ஆகிவிட்டது.

அடுத்த வாரமே அவர் வண்டிகள் ஐஸ் பெட்டிகளுடன் கரைக்கு வந்து பிடித்து வந்த மீன் மொத்தத்தையும் ஏலத்தில் அள்ளின. பெண்களின் கூடைகள் காலியாகக் கிடந்தன. ஊர்ப் பஞ்சாயத்து கூடி மாமாவை அழைத்தது. அம்மா சொன்னதால் நானும் கூடப் போனேன்.

"நாப்பது பொம்பளைங்க வாயத் தொறக்கல. பின்ன யாரு சொன்னா?" என்றார் ஊர்த் தலைவர் பஞ்சநாதன்.

மாமா கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். கையெழுத்தான காகிதம் அதில்தான் இருந்தது. மாமா அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நாந்தான் சொன்னேன்" என்றார்.

வடிவாம்பாள் மணலில் துப்பினாள். "வித்துட்டியேண்ணே." இனி யாகப்பன் வண்டி கிளிஞ்சல்மேட்டு மணலை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பானது. இளையபெருமாள் வண்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வருடத் திருவிழாப் பந்தல் செலவு அவருடையது.

அன்று மாலையே மாமா அகலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டார். நான் புறப்பட்ட நாளில், ஒல்லிச் சக்கரம் மாட்டிய அதே வண்டியில்தான் என்னைப் பேருந்துக்குக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்கப் பேசவில்லை. பெட்டியை ஏற்றிய பிறகு அப்பாவின் கையேட்டை என் மடியில் வைத்தார்.

"நீயே வச்சுக்க மாப்ள. எனக்கு இனிமே மணல்ல வேல இல்ல."

எண்பத்தெட்டில் விடுமுறைக்கு வந்தேன். மாமா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடைசிவரை அந்த வண்டியில் செங்கல் ஏற்றிப் பிழைத்தாராம். கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். இளையபெருமாளின் ஐஸ் கொட்டகையில் வடிவாம்பாள் கூலிக்கு மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் ஐஸில் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரான்சுத் தம்பியா? வாங்க, வாங்க. நீங்க படிச்சுச் சொல்லித்தான் நாங்க ரெண்டு வருஷம் வண்டியில போனோம், மறக்கல. ஒங்க மாமாதான் எங்க கழுத்த அறுத்துட்டாரு. அவரு சாவுக்குக்கூட இந்த ஊர்லேர்ந்து ஒரு ஆளு போவல."

எனக்காக நல்ல வஞ்சிரமாக ஒன்றைப் பொறுக்கி, இலையில் சுற்றிக் கொடுத்தாள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.