சவுரிராயன் பேசி முடித்த சம்பந்தம்

சவுரிராயனுக்குத் தன் கம்பெனியைவிட அடுத்தவன் வாசற்படி ஒசத்தி. திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில், வீட்டிலிருந்தபடியே கொல்லைக் கிணற்று மோட்டாரைக் கம்பியில்லாமல் ஓடவிடும் பெட்டி செய்து விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த சிப் வெளியிலிருந்து வாங்கியது. லாபத்தையெல்லாம் அதுவே தின்றது. இரண்டாயிரத்து ஆறில் வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் ரோஸ்லின், மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்கென்றே ஒரு சிப்பை டிசைன் செய்தாள். அதைத் தயாரித்துத் தரக் கூட்டாளி வேண்டும். சிப்பின்மேல் தங்கள் கம்பெனி பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

சவுரிராயன் தேடியது கூட்டாளியையா? பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதுபோலத் தேடினார். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி, டிசைன் உங்களுடையதாகவே இருக்கட்டும், லாபத்தில் பாதி கொடுங்கள் என்றது. வாடகைக் கட்டடம் என்று மூக்கைச் சுளித்தார். பெங்களூர்க் கம்பெனிக்கு ஏழு மாடி. வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்ததிலேயே மனுஷர் கவிழ்ந்துவிட்டார்.

அவர்கள் திண்டிவனம் வந்த அன்று மாலை, பிரியாணி, தாம்பூலத் தட்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை; அதற்குள் வெற்றிலை பாக்குக்கு நடுவில் மொத்த டிசைனும் அடங்கிய சிடியை எடுத்து வைத்தார். ரோஸ்லின் அவரை ஓரமாக அழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்றாள்.

"சம்பந்தி வூட்டாண்ட போயி மொதல்ல கையெழுத்து போடுன்னு கேப்பாங்களாம்மா? நம்மள பத்தி என்னா நெனப்பாங்க?"

சம்பந்தி வீட்டார் தட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான். ஒப்பந்தத்தை வக்கீல் பார்க்கிறார் என்றார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. அடுத்த வருஷம் சிப் வந்தது, அவர்கள் பெயரில், அவர்கள் பெட்டிக்குள். சவுரிராயன் கேஸ் போட்டாரா, சண்டைக்குப் போனாரா? அவர்களிடமே போய்ப் பல்லிளித்து டீலர்ஷிப் வாங்கி, கூட்டேரிப்பட்டில் கடை திறந்தார். சூடு சொரணை உள்ளவன் செய்கிற காரியமா இது? ரோஸ்லினால் வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவும் முடியவில்லை; அந்தக் கடையிலேயே உட்கார்ந்தாள். அவள் செய்ததாகக் காட்ட இருந்தது அந்த சிப் ஒன்றுதான். அதிலும் எவன் பெயரோ இருந்தது.

ஒருநாள் அனந்தபுரத்திலிருந்து பச்சைமுத்து என்ற விவசாயி கடைக்கு வந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது யார் செய்தது என்று கேட்டார்.

"உள்ள இருக்கிற சிப்பு நான் பண்ணதுங்க" என்றாள் ரோஸ்லின்.

சவுரிராயன் பதறிப்போனார். "அது சும்மா சொல்லிக்கினு இருக்குதுங்க. சுத்தமான பெங்களூர் சரக்கு. நம்மூர் ஆளு கையே படல."

"அப்ப குடுங்க. இங்க பண்ணதுன்னா வாணாம்னு இருந்தேன்" என்றார் பச்சைமுத்து.

சவுரிராயன் வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே ரோஸ்லினுக்கு அருவருப்பாக இருந்தது. குனிந்து பில் போட்டாள்.