வடக்கு மூலையில் சொன்ன பல்லி

திருப்பதிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைக்குத் தவளை, ஓணான், பல்லி பிடித்துக் கொடுப்பது அப்போது என் வேலை. வேலை என்று பெயர்தான், நிரந்தரமில்லை. மலைப்பாறைகளில் பெரிய மஞ்சள் பல்லி ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவந்தால் உன் வேலைக்கு நானே எழுதுகிறேன் என்று புரொபசர் சொல்லியிருந்தார். முட்டியெல்லாம் தேய, புத்தூர்ப் பக்கத்து மலையில் ஒரு பாறை இடுக்கில் அதைப் பிடித்தேவிட்டேன். மூடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டின்னில் அடைத்து, நான் தங்கியிருந்த விவசாயி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான மனிதன் ஜில்லாவிலேயே கிடையாது.

அந்த ஊர் மெட்ராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்காரருக்கு மெட்ராஸ்தான் வேண்டும். நான் தெற்குச் சுவரோரம் வைத்த டின்னுக்கு எதிரே குந்தினார்.

"நம்ம ஊரு எந்தப் பக்கம் போவும், சொல்லு."

உள்ளே டக் டக் என்றது. பல்லி எந்தத் திசையில் சொல்கிறதோ, அந்தத் திசைக்குத்தான் பலன். தெற்கே மெட்ராஸ், வடக்கே ஆந்திரா. மனுஷன் வீட்டில் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தார்.

நான் ஒரு மடையன். டின்மேல் வெயில் விழுகிறதே, பல்லி வெந்துபோகுமே என்று தூக்கி வடக்கு மூலையில் வைத்தேன். வைத்த கையோடு சனியன் மறுபடி சொன்னது.

"யோவ், இன்னாய்யா பண்ண? சொல்லிக்கினு இருக்கிற பல்லிய எடம் மாத்துவியா?"

"பசியில கத்துதுங்க. நாளைக்கு அத மருந்துல போட்டு புட்டியில அடைக்கணும்."

"வாக்கு சொன்னத ஊற வெப்பியா நீ!"

கிணற்றடியில் குளித்துவிட்டு வந்தால் டின் காலி. வீட்டுக்காரர் பல்லியைச் சுவரில் விட்டுவிட்டார், அது கூரைக்குள் போய்விட்டது. வேலை போச்சே என்று எனக்கு அழாத குறை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் களித்தட்டை என் பக்கம் தள்ளி, "மொதல்ல துன்னு" என்றார்.

வெறுங்கையோடு போகப் பயந்து அங்கேயே தேடிக்கொண்டு கிடந்தேன். பத்தாம் நாள் பார்க்கிறேன், விட்டத்துக்கு மேலே சுவரில் இரண்டு வெள்ளை முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. பக்கத்திலேயே என் மஞ்சள் மகாராணி! தகவல் சொல்லியனுப்பினேன். புரொபசரே பஸ் பிடித்து வந்து ஏணியில் ஏறினார். "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சியவர் இறங்கவே மாட்டேன் என்றார். செத்த பல்லியை எவனும் புட்டியில் வைப்பான், இது யாருக்குக் கிடைக்கும் என்று என் முதுகில் தட்டினார். அந்த வருஷமே வேலை நிரந்தரமானது.

எல்லை முடிவானபோது அந்த ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டேதான் போனேன். அவர் சுவரில் ஓடும் பல்லிகளைக் காட்டினார். எனக்கும் களி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்லி சரியாத்தான் சொல்லிச்சி. ஆந்திராவுல வேலை கெடைக்கணும்னு டின்ன வடக்கால தள்ளினவன் நீதான்யா."