உருக்கிப் பார்க்கிற சம்பங்கி

வெற்றிலையை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும் வரை சம்பங்கி காத்திருக்கிறார். மழை வரும் என்று சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரி கெட்டவள் என்று சொன்னாலும் சரி, ஆத்மாவுக்கு அழிவில்லை என்று சொன்னாலும் சரி, அவர் திருப்பிக் கேட்பது ஒன்றேதான்.

“உருக்கிப் பாத்தியா?”

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் கூலி லைனில் இந்தக் கேள்விக்குத் தப்பியவர்கள் குறைவு. பெண்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே பேச்சைச் சமையலுக்கு மாற்றிவிடுவார்கள். சமையலையும் அவர் விடுவதில்லை.

சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்க்கிற கொட்டகையில் அவருக்கு உலை வேலை. கல்லை மாவாக இடித்து, ஈயத்தோடு மூசை என்கிற மண் குடுவையில் போட்டு உருக்க வேண்டும். பிறகு எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி காய்ச்ச வேண்டும். மற்றதெல்லாம் போய், கடுகைவிடச் சிறிய மணி ஒன்று அடியில் மிஞ்சும். துரை அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் நிறுப்பார். கல்லைக் கையில் உருட்டிப் பார்த்து ‘இதுல நெறைய இருக்குது’ என்று யார் சொன்னாலும் அந்தக் கொட்டகையில் செல்லாது. பளபளவென்று வந்த கல் ஒன்றும் தராமல் போனதையும், அழுக்காக வந்த கல் வாரிக் கொடுத்ததையும் சம்பங்கி பார்த்திருக்கிறார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, உலகத்தில் எதையும் கண்ணால் கண்டதோடு அவர் ஒத்துக்கொள்வதில்லை. உலைவாயில் வெந்து வெந்து அவருடைய வலது கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது. அதற்குச் சூடும் தெரியாது, சில்லிப்பும் தெரியாது.

பூதிகோட்டைச் சந்தைக்கு வந்த ஒரு சாமியார் லைன் பக்கமும் வந்தார். உடம்பு பொய், பசி பொய், நாக்கின் ருசியும் பொய் என்று பாடினார். சம்பங்கி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய், உப்பே போடாமல் கேழ்வரகுக் களி கிண்டிப் போட்டார். இரண்டு வாய் இறங்கியதும் சாமியார் உப்பு இருக்கிறதா என்று கேட்டார். சம்பங்கி உப்பையும் கொடுத்து, இன்னும் ஓர் உருண்டைக் களியையும் வைத்தார். “உடம்பு பொய்யாம், உப்பு மட்டும் நெசமாம்” என்று அடுத்த சம்பளம் வரை சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கூட வேலை செய்யும் பர்னபாஸ் ஒரு திங்கட்கிழமை, மோட்சத்தில் வீதியெல்லாம் பொன் என்று தன் கோயிலில் கேட்டு வந்து சொன்னார். சம்பங்கி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். “டன்னுக்கு எத்தினி அவுன்ஸ்?” பர்னபாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் கரி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

இப்படிக் கேட்கிறவரைக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறார். காத்தவராயன். சம்பங்கியின் மகள் குணசுந்தரியை அவர் மகன் பெருமாளுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறது. காத்தவராயனுக்குப் பகலில் சுரங்கக் குழியான ஷாப்ட்டின் வாயில் வேலை. ஆள் ஏற்றும் கூண்டான கேஜ் இறங்கவும் ஏறவும் மணி அடிப்பார். திருவிழா வந்தால் கூத்தில் பெண் வேஷம் கட்டுவார். மீசையை மழித்துவிட்டு, முகத்தில் அரிதாரம் பூசி, அவிழ்ந்த கூந்தலோடு அவர் சபையில் வந்து நின்றால் மைசூர் மைன்ஸிலிருந்து நடந்து வந்த பெண்கள்கூடத் தலையில் அடித்துக்கொண்டு அழுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்க அடுக்கி வைத்திருக்கும் மரங்களின்மேல் சம்பந்திகள் இருவரும் உட்காருவார்கள். நான் யார், செத்தபின் எங்கே போவேன், தூக்கத்தில் எங்கே இருந்தேன் என்று யோசிக்கிறோமே, அந்தத் தத்துவம் எந்தக் கொட்டகைச் சரக்கு? உலைக் கொட்டகையா, கூத்துக் கொட்டகையா? இதுதான் இருவருக்கும் தீராத வழக்கு. தத்துவம் என்றால் உள்ளதைக் கண்டுபிடிப்பது, அதனால் அது சோதனை என்பது சம்பங்கியின் கட்சி. கண்டுபிடித்து முடிக்கிற விஷயமாக இருந்தால் இத்தனை காலத்தில் முடிந்திருக்குமே, பாட்டைப் போல அதை ஒவ்வொருவனும் தன் தொண்டையில்தான் பாட வேண்டும் என்பது காத்தவராயனின் கட்சி.

“என் மொகத்துல மீசை மழிச்ச தடம் இருக்குது. அது தெரிஞ்சிதான் அந்தப் பொம்பளைங்க அழுவுறாங்க. அந்தக் கண்ணீரு பொய்யா? உங்க உலையில போட்டா இன்னா மிஞ்சும், சொல்லுங்க.”

“எண்ணெயும் அரிதாரமும் மிஞ்சும் சம்பந்தி.”

தூக்கத்தில் ஆள் எங்காவது போகிறானா என்று கண்டுபிடிக்க, சம்பங்கி ஓர் இரவு கால் கட்டைவிரலில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கதவில் கட்டிவிட்டுப் படுத்தார். காலையில் நூல் அறுபடவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சம்பந்தியிடம் வெற்றியைச் சொன்னார். காத்தவராயன் பல் விளக்கிக்கொண்டே, கால் எங்கேயும் போகவில்லை என்பதுதான் இதில் தெரிகிறது என்றார். சம்பங்கி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்தக் கார்த்திகையில், அப்பா வீட்டுக்கு வந்திருந்த குணசுந்தரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சம்பங்கிக்கு மனைவி இல்லை. பிரசவம் பார்த்ததும் பிள்ளைக்கு உடம்பு ஊற்றிக் குளிப்பாட்டுவதும் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாதான். குணசுந்தரியின் தலைச்சன் ஒரு மழைக்காலத்தோடு காய்ச்சலில் போய்விட்டது. அதனால் பாப்பம்மா இந்தக் குழந்தையை முறத்தில் வைத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, தான் எடுத்துக்கொண்டு, பிறகு ஒரு முறம் தவிட்டுக்கு அதைக் குணசுந்தரிக்கே விற்றாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் தேடி வரமாட்டான் என்பது வழக்கம். சம்பங்கி வாயைத் திறந்தார். “உன்னைத்தான் உருக்கிப் பாக்கணும், அந்தாண்ட போ” என்று பாப்பம்மா முந்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் அவருக்கு எந்தப் பேச்சும் உறைக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டு ஓடி வருவார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அது தூங்கினால் தூங்குவதைப் பார்ப்பார், விழித்தால் விழிப்பதைப் பார்ப்பார். அது தும்மினால் யார் கதவைத் திறந்தது என்று வீட்டையே விசாரிப்பார். கொட்டகையில் பர்னபாஸுக்கு வேறு செய்தி கிடையாது. “நம்ம துரை தராசுல இவ கொட்டாவியை வெச்சா முள்ளு அந்தப் பக்கம் போயி ஒட்டிக்கும்.”

மற்றொன்றைக் கவனிக்க அவருக்குச் சில நாள் ஆனது. குணசுந்தரி பால் கொடுத்தாள், துடைத்தாள், தொட்டிலை ஆட்டினாள். குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேர் வைக்கிற நாள் பற்றிப் பெருமாள் கேட்டபோது எழுந்து உள்ளே போய்விட்டாள். சம்பங்கி தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லாத வெற்றிலையோடு காத்திருந்தார். அவள்தான் ஆரம்பித்தாள்.

“போனதுக்கு எடது காதுக்குப் பின்னால, மடிப்புக்குள்ள, எள்ளாட்டம் ஒரு மச்சம் இருந்துச்சே, நெனவு இருக்குதா நைனா?”

“இருக்குது.”

“இதுக்கு நான் இன்னும் பாக்கல. இருந்தா, அதுவே திரும்பி வந்துச்சுன்னு அர்த்தம். மறுபடியும் போயிடுமோன்னு இருக்குது. இல்லாட்டி இது வேற. இதைக் கொஞ்சுனா, அதை மறந்துட்ட பாவம். ரெண்டுல எதுன்னு தெரியாம எனக்கு வாய் வரல.” அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே சொன்னாள். “கூத்தாடுற மாமா சொன்னா கதைன்னு தோணும். நீதான் எதையும் சோதிச்சுப் பாக்கறவனாச்சே. பாத்து சொல்லு நைனா. நீ சொன்னா ஒத்துக்கறேன்.”

பாப்பம்மா இந்த லைனுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான். மச்சத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது, கண்ணும் மங்கல். பெருமாள் காது மடிப்பையெல்லாம் கவனிக்கிறவனில்லை. ஆக, பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்வதாகச் சம்பங்கி ஒப்புக்கொண்டார்.

அந்த வாரம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாப்பம்மா தன் கோழியின் முட்டை ஒன்றில் இரண்டு கரு இருந்ததாகச் சொன்னபோதும் பேசாமல் இருந்தார். உலையில் மூசையை வைக்குமுன் கல்மாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பர்னபாஸ் என்ன என்று கேட்டதற்கு, உருக்கினால் எவ்வளவு என்று தெரிந்துவிடும், ஆனால் கல் திரும்பி வராது, இல்லையா என்றார். இத்தனை வருஷமாக அப்படித்தானே நடக்கிறது என்று பர்னபாஸ் சொன்னார்.

ஞாயிறு காலை காத்தவராயன் வந்தார். சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் கூத்து. வேஷத்துக்கு வேண்டிய மை கொட்டாங்குச்சியில் அவர் கையில் இருந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த அந்த மை, வியர்வைக்குக்கூட அசையாது. சம்பங்கி அவரை வெளியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். கூத்துக்காரர் வழக்கம்போல ஏதாவது பாட்டாகப் பேசுவார், தானும் எதிர்த்துப் பேசலாம் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். காத்தவராயன் கொட்டாங்குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாத்துடுங்க சம்பந்தி. அந்தப் புள்ளையை நானும் தூக்கி வளத்தவன்தான். எனக்கும் தெரியணும்.”

பாப்பம்மா குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, சம்பங்கியின் மடியில் கொண்டுவந்து கிடத்தினாள். குணசுந்தரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காத்தவராயன் எட்டிப் பார்க்க ஏதுவாக முழங்காலை மடித்து உட்கார்ந்தார். குழந்தை தாத்தாவின் மேல்துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தது. இடது காது தலைத்துணியின் மடிப்புக்குள் இருந்தது. துணியை விலக்கினால் போதும்.

சம்பங்கி எழுந்திருக்காமலே வாசல் பக்கம் சாய்ந்து, வெற்றிலையைத் துப்பினார். பிறகு சம்பந்தியிடம் கையை நீட்டினார். காத்தவராயனுக்குப் புரியவில்லை. அவர் கையிலிருந்த கொட்டாங்குச்சியைத் தானே இழுத்து, வலது கட்டைவிரலை மையில் அழுத்தினார் சம்பங்கி. கண்ணை மூடிக்கொண்டார். இடது கையால் தலைத்துணியை விலக்கி, காதை முன்பக்கம் மடித்து, உள்ளங்கையால் மறைத்தபடி அதன் பின்னால் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். கண் திறந்தபோது அங்கே புளியங்கொட்டை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு திருஷ்டிப் பொட்டு இருந்தது.

குணசுந்தரி திரும்பாமலே கேட்டாள். “இருந்துச்சா நைனா?”

“இனிமே இருக்குது.”

அவள் திரும்பினாள். பொட்டைப் பார்த்தாள். அப்பாவின் விரலைப் பார்த்தாள். காத்தவராயன் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார். குழந்தை சிணுங்கியது. குணசுந்தரி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மை அவள் கழுத்தில் ஒட்டியது.

“இன்னாடி,” என்றாள். “இன்னாடி, தவிட்டுக்கு வந்தவளே.”

அடுத்த ஞாயிறு மரங்களின்மேல் உட்கார்ந்தபோது, அது எந்தக் கொட்டகை வேலை சம்பந்தி என்று காத்தவராயன் கேட்டுப் பார்த்தார். மை உங்களுடையது, விரல் என்னுடையது என்று சொல்லிவிட்டுச் சம்பங்கி பேச்சை மழைக்கு மாற்றினார். மழை வரும் என்று காத்தவராயன் சொன்னதும், உருக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

சீயக்காய் தொடர்ந்து பட்டால் அந்த மையும் வாரத்தில் வெளுக்க ஆரம்பிக்கிறது. அதற்குள் சம்பங்கி கொட்டாங்குச்சியோடு வந்துவிடுகிறார். குழந்தையை மடியில் வாங்கி, முதலில் கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகுதான் தலைத்துணியை விலக்கி, சூடும் சில்லிப்பும் தெரியாத அந்தக் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுகிறார்.