தியோடர் அத்தானும் போக்காடும்

எங்கள் தியோடர் அத்தானுக்கு ஓர் ஆங்கிலச் சொல் அகப்பட்டால் போதும், முருங்கைக்காயைப் பிளப்பது போலப் பிளந்துவிடுவார். இட்லி ஆறிக்கொண்டிருக்கும், அவர் 'பிரேக்ஃபாஸ்ட்'டை இரண்டாக உடைத்து, இரவுப் பட்டினியை முறிப்பது என்று விளக்கிக்கொண்டிருப்பார். "முதல்ல அதை முறிங்க" என்பாள் என் அக்கா கனகமணி. அத்தான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், பக்கத்து உப்பலில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

பளு தூக்கும் சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன மாதம் அது அறுந்தது. கீழே நின்ற சுனில் அங்கேயே இறந்துபோனான். விசாரணையில் மேனேஜருக்குத் திடீரென்று ஞாபகமறதி வந்துவிட்டது. சங்கிலியைக் கவனிக்காதது தியோடர் என்று முடிவு கட்டினார்கள். அவர் ஒப்புக்கொண்டு விலகினால் சுனிலின் மனைவி ருக்மிணிக்கு அங்கேயே உடனே வேலை. மறுத்தால் வழக்கு முடிகிறவரை ஒன்றும் கிடையாது. இதைவிட நயமாகக் கழுத்தை அறுக்க முடியாது. அத்தான் ஒப்புக்கொண்டார்.

"உங்களைப் பலிகடா ஆக்கிட்டானுங்களே" என்று அக்கா அழுதாள்.

"நக்கோ, வேணாம் கனகம், அப்படிச் சொல்லாத. இங்கிலீஷ்ல ஸ்கேப்கோட்னு சொல்வாங்க. அது பலிகடா இல்ல."

அந்த நேரத்திலும் சொல்லைப் பிளக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எஸ்கேப்னா தப்பிக்கிறது, கோட்னா ஆடு. ஐந்நூறு வருஷம் முன்னாடி பைபிளை இங்கிலீஷ்ல எழுதினவரு ரெண்டையும் ஒட்டவச்சாரு. நம்ம பைபிள்ல அதான் போக்காடு. ரெண்டு ஆடு நிக்கும். ஒண்ணை வெட்டுவாங்க. இன்னொண்ணு தலையில எல்லார் பாவத்தையும் ஏத்தி, உயிரோட வனாந்தரத்துக்கு அனுப்பிடுவாங்க. வெட்டுப்பட்டது சுனில். நான் போற ஆடு."



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடன் ருக்மிணி வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று வழியெல்லாம் நச்சரித்தேன்.

"சொன்னா அவ சும்மா இருப்பாளா? மேனேஜர் சட்டையைப் பிடிப்பா. கிடைச்ச வேலை போயிடும்."

ருக்மிணி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே தெலுங்கில் ஒரே கேள்வி கேட்டாள்: சங்கிலி கெட்டுப்போனது தெரிந்தும் அவரைக் கீழே நிற்கவைத்தது நீங்கள்தானா?

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"அவுனு அம்மா" என்றார். ஆமாம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்.

மேனேஜர் சார் புண்ணியத்தில் என் பிள்ளைகளுக்குச் சோறாவது கிடைக்கிறது என்று சொல்லி, அவள் கதவைச் சாத்தினாள்.