மீன் விற்கிற மச்சானோடு திருகோணமலைக் கடலில் ஒரு கிழமை

கண்டிப் பக்கத்திலிருந்து போய், கடலில் படகு எடுத்துத் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது ஆடி மாதம். கிழக்குக் கடல் சொன்ன பேச்சுக் கேட்பது அந்த மாதங்களில்தான். மார்கழியில் போனால் கடலைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப வேண்டியதுதான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் அக்காவின் புருஷன் செல்லையா மச்சான். பிலிமத்தலாவையில் மீன் கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகக் கடல் மீன் விற்கிறவர், கடலில் முழங்கால் வரைக்கும்தான் இறங்கியிருக்கிறார். ஆனால் தூண்டில் மேல் அப்படி ஒரு மயக்கம். போனில் வெள்ளைக்காரர்கள் பெரிய மீன் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து, தடியும் ரீலுமாக வாங்கி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அக்கா அலுமாரியை நகர்த்த, மொத்தமும் சரிந்து அவள் கால் மேலேயே விழுந்தது.

ஒரு மாதம் சண்டை. கடைசியில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு கெழம போயிட்டு வாங்க. ஒங்க கையால ஒரு மீன் புடிச்சா தடி வீட்டுல இருக்கட்டும். இல்லாட்டி அத்தனையும் வித்துரணும். அப்புறம் தூண்டில்ங்கிற பேச்சே எடுக்கப்படாது."

"சரி. புடிச்ச மீன கொண்டாந்து காட்டுறேன்" என்றார் மச்சான்.

"மீன் கடைக்காரன் மீன் கொண்டாந்தா அதுல என்ன அதிசயம்?"

"தம்பி கூட வர்றான்ல? அவன் சாட்சி."

"அவனா? அவன் விடிஞ்சிருச்சுன்னு சொன்னாலே நான் வெளிய போய்ப் பாத்துட்டுத்தான் நம்புவேன்."

நான் அப்படி ஒன்றும் மோசமான ஆள் இல்லை. கொஞ்சம் கேலி பேசுவேன், அவ்வளவுதான்.

என்னுடைய வாடகை வேனிலேயே போனோம். பிலிமத்தலாவையிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தம்புள்ளையில் சாப்பிட்டு, பதினொரு மணிக்குச் சேர்ந்தோம். ஹபரணை தாண்டியதும் யானை குறுக்கே வரும், பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் ஓட்டாதீர்கள். பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரையில் இரண்டு பேருக்கு அறை ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபா. படகு காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் இருபதாயிரம், எண்ணெய் அதற்குள்ளேயே. ஆறு நாளைக்குச் சேர்த்துப் பேசியதால் அந்த விலை. இந்தச் செலவுக்கென்றே மச்சான் மாதாமாதம் கட்டி வந்த சீட்டை எடுத்திருந்தார்.

படகுக்காரர் பெயர் ஜெயம். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் கரை மறைவதற்கு முன்னாலேயே மச்சான் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுவிட்டார்.

"மீனுக்குச் சாப்பாடு போடுறாரு" என்றேன் நான்.

"ஓம், நல்லாத்தான் போடுறார்" என்றார் ஜெயம்.

எனக்கு ஆச்சரியம். மடுல்கெல்ல மலை ரோட்டு வளைவுகளில் நான் வேனைச் சுழற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிந்தாமல் தேத்தண்ணி குடிக்கிற மனுஷன் இவர். இரண்டாம் நாளும் அதே கதை. மாத்திரை, இஞ்சி, எலுமிச்சங்காய் எதற்கும் வாந்தி நிற்கவில்லை. இரண்டு நாளும் மீன் கடித்தது; தடியைப் பிடிக்க ஆள்தான் எழும்பவில்லை. ஒரு சீலா மீனை நான் இழுத்தேன். அக்காவின் கணக்கில் அது சேராது.

மூன்றாம் நாள் ஜெயம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, நீங்கள் ஏன் எந்த நேரமும் காலடியையே பாக்கிறியள்?"

"பாக்காம? விழுந்துருவோமே."

மச்சான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தேயிலை மலையில் ஏறி இறங்குகிறவன் அடுத்த அடி எங்கே என்று பார்த்துத்தான் வைப்பான், இல்லாவிட்டால் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் கிடப்பான். அந்தப் பழக்கத்தில் படகுப் பலகையையே முறைத்துக்கொண்டிருந்தார். பலகையோ ஆடிக்கொண்டே இருந்தது.

"கீழ பாக்காதேங்கோ. அந்தா, வானமும் கடலும் சேருற இடம், அதைப் பாருங்கோ. காலைப் படகு பாத்துக்கொள்ளும்."

அன்றைக்கு ஒரு தடவைதான் வாந்தி. நாலாம் நாள் ஒன்றுமே இல்லை, மீனும் இல்லை. ஐந்தாம் நாளும் வெறும் கை. சாயங்காலம் அறையில் தடிகளைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தார். வாங்குகிறவன் அழுக்கென்று சொல்லக்கூடாது என்றார். அதற்கு மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

கடைசி நாள் ஒன்பது மணி போல, கரையிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு அப்பால், ரீல் கத்த ஆரம்பித்தது. தடி வில்லாக வளைந்தது. மச்சான் இரண்டு காலையும் பலகையில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நான் உதவிக்குக் கை நீட்டினேன்.

"தொடாத! தொட்டீன்னா நீ புடிச்சதும்பா ஒங்க அக்கா!"

நூல் போனது, வந்தது, மறுபடியும் போனது. இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்கும். மீன் படகோரம் வந்ததும் ஜெயம் கொக்கியால் தூக்கிப் போட்டார். முதுகு கடும் நீலம், விலாவில் தங்கத்தை உருக்கி ஊற்றியது மாதிரி ஒரு பட்டை, செட்டைகள் மஞ்சள். பதினொரு கிலோ வரும்.

"கெலவல்லா, ஐயா. நல்ல சாமான்" என்றார் ஜெயம். சூரை இனத்தில் பெரியது அது.

"இது கெலவல்லா இல்ல."

"கெலவல்லாதான்."

"முப்பது வருஷமா வெட்டுறேன், எனக்குத் தெரியாதா? கெலவல்லா சாம்பல் நெறம்."

"அது செத்தது, ஐயா. இது உசிரோட கிடக்குது."

மச்சான் குனிந்தார். கடைப் பழக்கம் விடுமா? விரலால் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். மீன் வாலால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது.

"எப்பிடி மச்சான், புது மீனா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்கப் பார்க்கவே அந்தத் தங்கப் பட்டை மங்கியது, நீலம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் பலகையில் கிடந்தது அவர் கடைக்கு லொறியில் வருகிற அதே மீன். ஐஸ் பெட்டியில் அவரே வைத்து மூடினார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் அதுவும் கடலுக்குத்தான் போகும், ஒரு மணி நேரம் முன்னாலேயே போடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு துண்டு பாண் போதும். முழுக்கைச் சட்டை வேண்டும். என் கழுத்துத் தோல் இன்னும் உரிகிறது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏறாதீர்கள். ஒரு நாளைக்கு மட்டும் போய் மீன் வரவில்லை என்று கடலைத் திட்டக்கூடாது, குறைந்தது நாலு நாளாவது வையுங்கள். மீனோடு திரும்புகிறவர்கள் தம்புள்ளையில் ஐஸ் மாற்றுங்கள்.

பொழுது சாய்வதற்குள் வீடு வந்தோம். அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"திருகோணமலை மார்க்கெட்ல கிலோ என்ன வெல?"

நான் போனில் படத்தைக் காட்டினேன். மச்சான் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எலெக்சன் வந்தா மந்திரிகூடத்தான் மம்பட்டி புடிச்சுக்கிட்டு படத்துல நிக்கிறாரு."

"சாமி சத்தியமா அக்கா."

"நீ பேசாத."

மச்சான் பின்பக்கம் பலகையைப் போட்டு, மீனை வைத்து, கத்தியைக் கையில் எடுத்தார். ஒரு நாளைக்கு ஐம்பது மீன் வெட்டுகிற கை. கண்ணை மூடிக்கொண்டு செவுளுக்குப் பின்னால் ஒரே போடு போடுவார். கத்தி மேலே போனது. அங்கேயே நின்றது.

"என்னங்க?"

அவர் கத்தியைத் திருப்பிப் பிடியை அக்கா பக்கம் நீட்டினார்.

"நீயே வெட்டு."

சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய், ஒன்றுமே படாத கையைக் கழுவிக்கொண்டு நின்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து வீட்டில் ஒரு நெத்தலியைக்கூட அக்காவை வெட்ட விடாதவர். அக்கா கத்தியைப் பார்த்தாள், மச்சானின் முதுகைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தடியெல்லாம் வேன்லயா கெடக்கு? உப்புத் தண்ணி பட்டது, துரு புடிச்சிரும். உள்ள எடுத்துக்கிட்டு வா, நல்ல தண்ணியில கழுவி வைப்போம்."

கறி நல்ல ருசி. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். மச்சான் பருப்போடு நிறுத்திக்கொண்டார்.