தேனிலவுக்குப் போனவர்கள் போன் செய்தால்

தேனிலவு டிக்கெட் போட்டுக் கொடுப்பதில் ஒரு சௌகரியம், போய் இறங்கிய பிறகு யாரும் நம்மை நினைக்க மாட்டார்கள். ஆவடியில் இந்த டிராவல்ஸ் கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் நான் அப்படித்தான் நம்பினேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவதிப்படும் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

சத்தமில்லாத இடம்

ஸ்டீபன் நெமிலிச்சேரிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓட்டுகிறார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்தார். பெண் மெர்சி, திருவேற்காட்டில் நர்சரி டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் இருப்பவள், அமைதியான இடமாகப் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவைக் காட்டினேன். கடலோரம் தனித்தனிக் குடில்கள், டிவி கூடக் கிடையாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டார். இப்படி ஒரு வாடிக்கையாளரா என்று எனக்குச் சந்தோஷம். கடைசியில் கேட்டார்: "ஒரு மிஷின் கூட ஓடாதாக்கா?"

முதல் போன்

போன இரண்டாம் நாள் காலையில் கூப்பிட்டார். என்ன புகாரோ என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். புகாரே இல்லை. கடல் நல்லா கீதாம், மீன் நல்லா கீதாம். ஆனால் சும்மா உட்கார முடியவில்லையாம். படகு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறார்.

"புதுப் பொண்டாட்டியோடு பேசிக்கொண்டிருங்களேன்" என்றேன். அவர் சொன்னார்: "அதாங்கக்கா கஷ்டமா கீது. அவ ரொம்ப மெதுவா பேசறா."

இரண்டாவது போன்

மறுநாள் மெர்சி கூப்பிட்டாள். நாளைக்கே சென்னைக்கு டிக்கெட் வேண்டும் என்றாள். எத்தனை பேருக்கு என்றேன். ஒருத்திக்கு.

முந்தின நாள் சாயங்காலம் கடற்கரையில் அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, தனக்கு முன்பே ஒருமுறை நிச்சயமாகி நின்றுபோன கதையைச் சொல்லியிருக்கிறாள். அதுவரை அவரிடம் சொல்லாத விஷயம். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவர் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். விஷயம் அப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. பிரஸ் சத்தத்தில் நாலு வருடமாக அவருக்கு இடது காது கேட்பதில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து அவர் வீட்டாரும் மறைத்துவிட்டார்கள். நிச்சயத்துக்குப் பிறகு இருவரும் போனில்தான் பேசினார்கள். அதற்கு வலது காது போதுமே.

"காது கேக்கலன்னு கோவம் இல்லக்கா. சொல்லலையே" என்றாள்.

விமானத்தில் இடம் இருந்தது, அதைச் சொன்னேன். பெயரையும் வயதையும் படித்துக் காட்டி, "போட்டுடவா?" என்றேன். அவள் சொன்னாள்: "ஒரு நிமிஷம் இருங்கக்கா. எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்கார்றாரு."

லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஊர் வந்த பிறகு

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அன்றைக்கு அவர் வலது காதுப் பக்கமாக இருந்து, நிச்சயம் நின்றுபோன கதையை முதலிலிருந்து திரும்பச் சொன்னாளாம். சத்தமாகச் சொன்னதில் பக்கத்துக் குடில்காரர்களுக்கும் தெரிந்துபோயிற்று. அவர்கள் மறுநாள் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்களாம். பூந்தமல்லியில் டாக்டரிடம் காட்டி, காதில் வைக்கும் மிஷினுக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்கள்.

"அப்ப எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன் நான். ஸ்டீபன் மெர்சியைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "கோவம் இன்னும் போவலக்கா. மிஷின் வந்துட்டா முணுமுணுத்துக் கூடத் திட்ட முடியாது, அதான் இப்பவே திட்டிகினு இருக்கேன்."

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு தேனிலவு ஜோடி போன் செய்தால், கவுண்டர் தோழர்களே, அன்றைக்கு நமக்கு நல்ல நாள்.